கல்புரட்டு

உடனிருந்தோர்:

1. திரு. பூதலிங்கம், தனி வட்டாட்சியர், நில எடுப்பு.
2. திரு. அறவாழி, இருள்மானி இயக்குநர், ஒப்பந்தப் பணி.
3. திருமதி பிரகாசி, பாசித்திட்டு ஊர்க்கமிட்டித் தலைவி.
4. திரு. தொம்மை, மேற்படி ஊர், கோயில் உபதேசியார்.

ஐந்தாவதாக ஒரு வெள்ளாடும் இருந்தது. மகஜரின் முதல் பக்கத்தில் பாதியை அது தின்றுவிட்டதால் பூதலிங்கம் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஆட்டை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை.

பாசித்திட்டு, கரையிலிருந்து விசைப்படகில் நாலு மணி நேரம். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஐந்நூறு மீட்டர். முழுக்கப் பவளப்பாறையும் மணலும்தான். நாற்பத்தொரு வீடு, ஒரு வேதக்கோயில், ஒரு கிணறு, எப்போதோ ஓடி நின்றுபோன ஐஸ் கிடங்கு ஒன்று. தீவின் நடுவே நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மணல்மேடு. மேட்டின் மேல் ஏழு கருங்கல் பலகைகள் நெருக்கமாகக் கிடந்தன. தீவில் கருங்கல் கிடையாது. யாரோ, எப்போதோ, படகில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் அறவாழியை அனுப்பியிருந்தார்கள். யார் என்பதில் அரசாங்கத்துக்கு அக்கறை இல்லை. எப்போது என்பது மட்டும் போதும்.

சரக்குக் கப்பல்களுக்கு மின்னேற்றும் மேடை ஒன்று அந்தத் தீவில் வருவதாக இருந்தது. கற்கள் ஆயிரம் வருடத்துக்குக் குறைந்தவை என்றால் மேடை வரும், ஊர் போகும்.

ஐஸ் கிடங்குக்கு ஜன்னல் இல்லை. அதனால் அறவாழி அதைத் தன் இருட்டறையாக எடுத்துக்கொண்டான். அவன் பெட்டியைத் திறக்கும்போது பிரகாசி வாசலில் நின்று பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். வலை இழுத்துக் காய்த்த கைகள்.

"இது என்ன தம்பி, தையல் மிசினா?"

"இருள்மானி."

"என்ன செய்யும்?"

"ஒரு பொருள் கடைசியா எப்ப வெயிலைப் பாத்துச்சுன்னு சொல்லும்."

"அதைச் சொல்ல ஒரு மிசினா? எங்கிட்டக் கேட்டா நான் சொல்லிட்டுப் போறேன்."

அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

"அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் விடாமல்.

"மணல்ல இருக்கற ஒவ்வொரு துகளும் இருட்டுல கிடக்கற நாளை எண்ணிக்கிட்டே இருக்கும். வெயில் பட்டா எண்ணினது மறந்துடும். மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். கல்லோட தோலும் அப்படித்தான்."

"மிசினு அதுகிட்டப் போயி எத்தனைன்னு கேக்குமாக்கும்."

"ஆமா. கேக்கறதுக்கு வெளிச்சம் காட்டணும். காட்டினதும் மறந்துடும். ஒரு தடவைதான் கேக்கலாம்."

"நல்ல மிசினு போங்க" என்று சொல்லிவிட்டுப் பிரகாசி மீன் காயப்போடப் போய்விட்டாள்.

இருள்மானி வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பும் இப்படி அளந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நூறு வருடம் முன்பின் இருக்கும். ஆளுக்கொரு கணக்குச் சொல்லலாம், மேடை போட்டுச் சண்டையும் போடலாம். புதிய இயந்திரம் நாள் கணக்கில் சொன்னது. ஆயிரம் வருடத்தைத் தாண்டினால் மட்டும் மாதக் கணக்கு. பழைய சண்டை தீர்ந்தது, புதிய சண்டைகள் வந்தன. ஆயிரத்து இருநூறு வருடப் பழமை என்று பேர் வாங்கிய ஒரு சாமி சிலை, பதினோரு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமைதான் மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு பெரிய மனிதர் வீட்டு மருமகள் யாருடனும் ஓடிப்போகவில்லை என்று கொல்லைப்புற மண் சொன்னது. அதற்குப் பிறகு நிபுணர்களை யாரும் நம்பவில்லை. தொன்மைச் சட்டம் வந்தது. ஓடு, எலும்பு, கல்வெட்டு, ஊர்ப்பேச்சு எதுவும் சாட்சி இல்லை. இருள்மானி சொல்லும் எண் ஒன்றுதான் சாட்சி. ஆயிரம் இருந்தால் தொன்மை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருந்தால் மண்.

அறவாழிக்கு முப்பத்தொன்பது வயது. இயற்பியலில் ஆராய்ச்சிப் படிப்பை மூன்றாவது வருடம் விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். இதுவரை நூற்றுப் பதினாறு இடங்களை அளந்திருந்தான். அதில் நூற்றொன்பது இடங்கள் ஆயிரத்தைத் தொடவில்லை. அந்த ஊர்கள் இப்போது சாலையாகவும் கிடங்காகவும் இருக்கின்றன. அதைப் பற்றி அவனிடம் நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.

முதல் கல்லின் அடிப்பக்கத்தைக் கறுப்புத் துணிக்குள் வைத்துச் சுரண்டி எடுத்து, ஆறு மணி நேரம் அளந்தான். வெளியே வந்து பூதலிங்கத்திடம் எண்ணைச் சொன்னான்.

"ஒன்பது மாசம், பன்னெண்டு நாள்."

"ஒன்பது மாசமா?"

"ஒன்பது மாசம்."

பூதலிங்கம் நாகர்கோவில்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஆடி மாதக் கடலில் வந்ததால் இன்னும் தலை சுற்றிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கேட்டுவைத்தார். "ஏம்மா, இந்தக் கல்லை யாராச்சும் எடுத்தீங்களா?"

"போன ஐப்பசியில புரட்டினோம்லா" என்றாள் பிரகாசி.

"என்ன பண்ணினீங்க?"

"புரட்டு சார். வருசா வருசம் செய்யுதோம். எங்க அம்மா காலத்துலயும் செஞ்சாவ, அவிய அம்மா காலத்துலயும் செஞ்சாவ."

பூதலிங்கம் எழுதிக்கொண்டார். பிறகு விதிப்படி மகஜரை உரக்க வாசித்தார்.

"'மேற்படி கற்கள் தொடர்பாக ஊரார் பல தலைமுறைகளாக ஆண்டுதோறும் புரட்டு செய்து வருவதாக மேற்படி பிரகாசி தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டார்.'"

"சரிதான்" என்று பேனாவை வாங்கக் கை நீட்டினாள் பிரகாசி.

தொம்மை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். பிரகாசியின் புருஷனுக்குத் தம்பி அவர். ஞாயிறுதோறும் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் என்பதால் கரைத் தமிழ் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். "மதினி, போட்டுராதீய. நாம எல்லாரும் பித்தலாட்டக்காரங்கன்னு எழுதியிருக்காரு."

"எங்கன எழுதியிருக்கு?"

"புரட்டுன்னா கரையில அதான் அர்த்தம்."

"இங்கன அது இல்லியே. சார், கல்லைத் திருப்பிப் போடுததுதான் புரட்டு. பொய் சொல்லுததுக்கு எங்கூர்ல பொய்யின்னுதான் பேரு."

"நீங்க சொன்ன வார்த்தையைத்தாம்மா எழுதினேன். அடித்தல் திருத்தல் கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை ஆடு தின்னாச்சு."

"கீழ ஒரு குறிப்புப் போடுங்க சார்" என்றான் அறவாழி. "புரட்டு என்பது இங்கே புரட்டு அன்று."

பூதலிங்கம் யோசித்துப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.

கையெழுத்தானதும் அறவாழிக்கு வேலை முடிந்தது. பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிரகாசியும் கூடவே வந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அதைக் காட்ட அவனை விட்டால் ஆள் இல்லை.

"கல்லைக் கழுவி வச்சதுக்கா தம்பி ஊரைப் பிடுங்குதீய? அழுக்கா விட்டிருந்தா நல்ல ஊருன்னு எழுதியிருப்பீயளோ?"

"ஆமா."

"நல்ல சட்டம்."

"எதுக்குத் திருப்பிப் போடறீங்க?"

"ஒரு பக்கமாவே படுத்துக் கிடந்தா யாருக்குத்தான் வலிக்காது? ஐப்பசியில முத வாடைக்காத்து அடிச்ச மறுநாளு, கல்லைத் தூக்கிட்டுப் போயிக் கடல்ல கழுவுவோம். பொழுதனைக்கும் வெயில்ல காயும். சாயங்காலம் அடிப்பக்கம் மேல வர்ற மாதிரி போட்டுருவோம்."

"அதுவரைக்கும் கல்லு கிடந்த குழியில வெயில் படுமே."

"அதெப்படிப் படும்? பாய்மரச் சீலையை மேல பிடிச்சுக்கிடுவோம்லா. எட்டு பேரு மாத்தி மாத்திப் பிடிக்கணும். கை விட்டுப் போவும். கல்லுக்கு வெயில் காட்டலாம், குழிக்குக் காட்டக் கூடாது."

அறவாழி நின்றான். "ஏன் காட்டக் கூடாது?"

"ஏன்னா என்ன தம்பி? காட்டக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் வீட்டுக்கு ஒரு பிடி அடுப்புச் சாம்பல் தூவுவோம். அதுக்கு மேல வீட்டுக்கு ஒரு தேங்காச் சிரட்டை மணலு. கடலோரத்துல நல்லா வெயில்ல காஞ்ச மணலா அள்ளிட்டு வரணும். பரத்திட்டுக் கல்லை வச்சிருவோம்."

"ஒரு வருஷம்கூட விட்டதில்லையா?"

"புயல் அடிச்ச வருசம் ரெண்டு நாளு பிந்திப் போச்சு. அதுக்கே எங்க மாமியா சாகுற வரைக்கும் புலம்பிட்டுக் கிடந்தா."

தீவின் தரை தண்ணீர் மாதிரிச் சமமாக இருந்தது. மேடு ஒன்றுதான் எழும்பி நின்றது. அதை இயற்கையான மேடு என்று அவன் எழுதியிருந்தான். வெயிலைக் குடித்த மணலை இருட்டுக்குள் கொட்டி, அதன்மேல் இன்னொரு துளி வெயில் படாமல் மூடி வைத்திருக்கிறார்கள். மறுவருடம் அதன்மேல் இன்னொரு கை. எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்து அவன் பார்த்ததில்லை.

"ஒரு கல்லை மட்டும் ஓரமாத் தூக்கலாமா?"

"ஆடி மாசத்துலயா?" என்று தொம்மை பின்னாலிருந்து பதறினார். "தூக்கவே கூடாது."

"கொழுந்தனாரே, ஐப்பசிக்கு நாம இங்கன இருந்தாத்தான அடுத்த புரட்டு" என்றாள் பிரகாசி. "தூக்குங்கடே."

மறுநாள் காலை எட்டுப் பேர் சீலை பிடித்தார்கள். பிடிப்பதில் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓரம் எழும்பவில்லை. அடியில் படுத்துக்கொண்டு அறவாழி இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, பவளப்பாறை தட்டியதும் உருவி, இருபுறமும் அடைத்து, ஐஸ் கிடங்குக்குத் தூக்கிப் போனான்.

சிவப்பு விளக்கில் குழாயைப் பிளந்தபோது புத்தகத்தை ஓரமாகப் பார்ப்பதுபோல் இருந்தது. மணல், சாம்பல், மணல், சாம்பல். ஒவ்வொன்றும் வெற்றிலைக் கனம். எண்ண ஆரம்பித்தான். ஆயிரத்து எழுநூறு சொச்சத்தில் ஓர் இடம் வித்தியாசமாக இருந்தது. சாம்பல் கீற்று மயிரிழைபோல் மெலிந்திருந்தது. அதன் மேல் மணல் பேருக்குத்தான் இருந்தது. நாற்பது சிரட்டை விழ வேண்டிய இடத்தில் ஒரு சிரட்டை. அந்த வருடம் தீவில் ஒரே ஒரு வீடுதான் இருந்திருக்கிறது. அடுத்த வருடமும் ஒரு வீடு. அப்படியே பத்தொன்பது வருடம். பிறகு இரண்டு. என்ன வந்தது, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று மணல் சொல்லவில்லை. ஒரு வீட்டு ஆட்கள் எப்படி அந்த ஏழு கல்லையும் தூக்கினார்கள் என்பதையும் சொல்லவில்லை.

முதல் தடவை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று வந்தது. இரண்டாம் தடவை நாலு. மூன்றாம் தடவையும் நாலு.

மேலிருந்து நானூறாவது அடுக்கை அளந்து பார்க்கலாம் என்று தட்டில் எடுத்து வைத்தபோது தொம்மை கதவைத் திறந்தார். கையில் பாலில்லாத கட்டங்காப்பி. "பசிக்குமேன்னு..."

திறந்து மூட மூன்று விநாடி ஆகியிருக்கும். கறுப்புத் துணியால் மூடியிருந்த குழாய் தப்பியது; தட்டிலிருந்த மணல் நானூறு வருடத்தை மறந்தது. அறவாழி காப்பியைக் குடித்துவிட்டு, உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, அடியோடு அடியாகக் கிடந்த அடுக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அளந்தான். விதிப்படி மேலிருந்துதான் தொடங்க வேண்டும். இது கணக்கில் சேராது. தெரிந்துகொள்ள மட்டும்.

பூவரச மரத்தடியில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அடியின் அளவும் அவன் எண்ணியதும் ஒத்திருந்தன; இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு வருடம் என்று சொன்னான்.

தொம்மை நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டார். கோயிலுக்கே நானூற்று எண்பது வருடம்தான் என்பது பாதியில் நினைவு வந்ததோ என்னவோ, மார்போடு கையை நிறுத்திக்கொண்டார். பிரகாசிக்கு அது செய்தியாகத் தெரியவில்லை.

"சந்தோஷம்" என்றார் பூதலிங்கம். உண்மையாகவே சொன்னார். "அப்ப மேடை வராது. தொன்மைச் சின்னம்னு எழுதிடலாம்." கைப்பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முந்நூறு மீட்டர் ஆரத்துக்குள் குடியிருப்பு, நடமாட்டம், அடுப்பு எரித்தல், பொருட்களைத் தொடுதல், நகர்த்துதல் தடை செய்யப்படுகிறது."

"மேட்டுலேர்ந்து கடலு எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள் பிரகாசி.

"எந்தப் பக்கம் போனாலும் எரநூத்தம்பது" என்றான் அறவாழி.

"அப்ப நாங்க அம்பது மீட்டர் கடலுக்குள்ள நிக்கணும்."

"கரையில வீடு குடுப்பாங்கம்மா" என்றார் பூதலிங்கம். "மேடை வந்தாலும் அதே வீடுதான், சின்னம் ஆனாலும் அதே வீடுதான். நான் பாத்திருக்கேன். தண்ணி வரும்."

"கல்லை யாரு புரட்டுவா?"

"யாரும் தொடக் கூடாது. பாதுகாக்கப்பட்டது."

"யாருகிட்டேர்ந்து?"

பூதலிங்கம் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் எழுதவில்லை.

தொம்மை தொண்டையைக் கனைத்தார். "மதினி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. எப்படியும் போவணும். மேடைக்குப் போனா ஒண்ணுமத்தவனா போவோம். இப்படிப் போனா மூவாயிரம் வருசத்து ஆளுன்னு பேப்பர்ல இருக்கும். கரைக்காரன் நம்மள என்னைக்கு மனுசனா மதிச்சான்?"

"பேப்பர்லயா குடியிருப்பீரு?"

"பேரு இருக்கும்லா."

"பேரை வச்சு ஐப்பசியில என்னத்தைப் புரட்டுவீரு? தலையணையையா?"

தொம்மை மணலைப் பார்த்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருடைய இரண்டு பெண்களுக்கும் கரையில் மாப்பிள்ளை அமையவில்லை. தீவுக்காரி என்றால் எங்கிருந்தோ ஒதுங்கியவளா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு காகிதம் அவருக்குத் தேவைப்பட்டது.

பூதலிங்கம் அறவாழி பக்கம் திரும்பினார். "மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, ரெண்டு அளவு போதும்ல? நாளைக்குக் காலையில படகு."

மேட்டில் ஆடு ஏறி ஒரு பலகையின் மேல் படுத்திருந்தது.

"விதி பதினாலு சார்" என்றான் அறவாழி.

பூதலிங்கத்துக்கு விதி பதினாலு தெரியும். "அடுக்குகள் காணப்பட்டால் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். அது மூணு நாலு அடுக்கு இருக்கற இடத்துக்கு எழுதினதுங்க."

"எத்தனைன்னு எழுதலையே."

"யாரு பாக்கப் போறா?"

"நூத்திப் பதினாறு இடத்துல விதிப்படி அளந்தேன் சார். நூத்தியொன்பது ஊரு போச்சு. அப்ப யாரும் என்னைப் பார்த்து விதியை விடுன்னு சொல்லலை." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அளவுச் சான்றுல நான்தான் கையெழுத்துப் போடணும். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு அடுக்கையும் அளந்துட்டுப் போடறேன்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு அடுக்குக்கு ஆறு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒண்ணு. எட்டு வருஷம்."

"எட்டு வருஷமா!"

"வருஷத்துக்கு ஒரு அடுக்கு இவங்க சேர்ப்பாங்க. அது இன்னும் எட்டு அடுக்கு."

பிரகாசி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது கையை எடுத்தாள். "சார், அளந்து முடிக்கிற வரைக்கும் ஊரு?"

பூதலிங்கம் நேர்மையானவர். கேட்டால் விதியை மறைக்கத் தெரியாது. "இருப்பது இருந்தபடி" என்றார். "அளவு முடியுற வரைக்கும் மேடையும் கிடையாது, சின்னமும் கிடையாது. மகஜர் எழுதின அன்னைக்கு யாரு என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்களோ அதையே பண்ணிக்கிட்டு இருக்கலாம்."

"புரட்டலாமா?"

"மகஜர்லயே இருக்கே. ஆண்டுதோறும் செய்து வருகிறார்கள்னு."

"ஒரு நாளைக்கு ஒண்ணு அளக்கணும்னு சட்டமா?"

"அப்படியில்லை. வாரத்துக்கு ஒண்ணாவது அளக்கணும். அதுக்கும் குறைஞ்சா கைவிட்டதாக் கருதி, உள்ள அளவை வச்சு முடிச்சுருவாங்க." சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அறவாழிக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எட்டு வருடம் என்று சொன்னது அவன்தான். அதை ஒருமாதிரி மனதுக்குள் தைத்துப் போட்டுக்கொண்டும் விட்டான். வாரத்தை அவன் யோசிக்கவில்லை.

"வாரத்துக்கு ஒண்ணுன்னா?" என்றாள் பிரகாசி அவனைப் பார்த்து.

"அம்பத்தாறு வருஷம்."

"உங்களுக்கு இப்ப என்ன வயசு தம்பி?"

"முப்பத்தொன்பது."

"எங்கூர்ல நல்லாத் தின்னுட்டுத் தொண்ணூறு தாண்டினவுக இருக்காவ."

"ஆளை மாத்தலாமா?" என்று தொம்மை கேட்டார். அவருக்கு அறவாழி மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருந்தது.

"ஆரம்பிச்சவர்தான் முடிக்கணும்" என்றார் பூதலிங்கம். "அவரு இடத்தைவிட்டுப் போனா கைவிட்டதாக் கணக்கு."

"செத்துட்டா?"

"செத்துட்டா வேற ஆளு வருவாரு. முதல் அடுக்குலேர்ந்து."

பிரகாசி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அப்ப ஊருக்கு நட்டமில்ல."

அறவாழிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை. அவன் சிரித்ததைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று அவனும் சொல்லவில்லை.

தொம்மை மட்டும் எழுந்து போகும்போது கேட்டார். "அப்ப அந்த எண்ணு, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம், அது எங்கயும் வராதோ?"

"வராது" என்றான் அறவாழி. "முடிச்சாத்தான் வரும்."

"வந்தா நாம இருக்க மாட்டோம்."

"ஆமா."

தொம்மை தலையாட்டினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, கணக்கில் வராத அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தர முடியுமா, முத்திரை வேண்டாம், சும்மா வைத்துக்கொள்ள என்று கேட்டார். அறவாழி எழுதித் தரவில்லை. எழுதினால் அளவு வெளியானதாக ஆகும். தொம்மை அதற்கும் தலையாட்டினார்.

மறுநாள் காலை பூதலிங்கம் படகில் ஏறினார். ஏறியவுடனேயே பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுக்குங்க தம்பி. மூணு நாளைக்குத்தான் துணி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

"தங்கச்சி ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா சார். நீங்க முன்னாடியே அவளைக் கூப்பிட்டு இங்கே டவர் இல்லைன்னு சொல்லிடுங்க."

"எப்ப வருவீங்கன்னு கேட்டா?"

அறவாழி கடலைப் பார்த்தான். "மேலதிகமா வேலை வந்துடுச்சுன்னு சொல்லுங்க."

படகு போயிற்று. அதன் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தீவில் சத்தத்தை மறைக்க ஒன்றும் இல்லை.

முதல் அடுக்கை அன்றைக்கே தொடங்க வேண்டும். ஐஸ் கிடங்கு வாசலில் பிரகாசி காத்திருந்தாள். ஒரு செம்புத் தண்ணீர், வாழையிலையில் மூடிய கஞ்சி, பொரித்த மீன் எல்லாம் ஒழுங்காக உள்ளே வைத்திருந்தாள். அவள் இடுப்பில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. தீவில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. இது கோயில் உண்டியலுடையது. தொம்மையிடம் கேட்டு வாங்கினாளா, கேட்காமல் எடுத்தாளா என்று அவன் விசாரிக்கவில்லை.

"உள்ளே தாழ்ப்பாள் இருக்கே" என்றான்.

"இருக்கட்டும்."

"நான் எங்கேயும் போக மாட்டேன்."

"நீங்க போவீயன்னு யாரு சொன்னா தம்பி?"

"அப்ப எதுக்குப் பூட்டு?"

பிரகாசி அந்தக் கேள்வியை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "ராத்திரி ஊர்க்கூட்டம் போட்டோம். நாப்பத்தியோரு வீட்டுலயும் ஒரே கேள்விதான் கேட்டாவ. நான் பதில் சொல்லணும்லா."

"ஆறு மணி நேரம் கழிச்சுத் திறங்க."

"திறக்காம என்ன செய்யப் போறோம்? வெயில் தாழட்டும்."

அவன் குனிந்து உள்ளே போனான். கனத்த கதவு பின்னால் மூடியது. இருட்டில் அவன் கை விளக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது வெளியே சாவி திரும்பியது. பூட்டு சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவள் ஒரு முறை இழுத்துப் பார்ப்பதும் கேட்டது.